கட்டற்ற மென்பொருளும் நமது சங்கங்களும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செல்வம் யாது என்று கேட்டால், கிடங்கிலுள்ள நூலையும் துணியையும், வங்கியிலுள்ள இருப்பையும், உறுப்பினர் செலுத்திய பங்குத் தொகையையும் சுட்டிக் காட்டுவது வழக்கம். இவையெல்லாம் யாருக்கு எவ்வளவு உரியன என்று நிலைநாட்டுவது சங்கத்தின் கணக்கேடு. இன்னார் இத்தனை கழி நூல் பெற்றார், இத்தனை சேலை நெய்து கொடுத்தார், அவருக்குச் சேர வேண்டிய கூலி இவ்வளவு என்று எழுதி வைத்த ஏடு இல்லையேல், கிடங்கு நிறைந்திருந்தும் பயனில்லை. பயிர்க்கடன் வாங்கிய உழவர், தாம் தவணை கட்டியதற்குச் சான்றாக நம்பியிருப்பதும் அந்த ஏட்டைத்தான்.

அந்த ஏடு முன்னாளில் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருந்தது. சாவி செயலாளரிடம் இருந்தது. ஐயுற்ற உறுப்பினர் ஒருவர் கேட்டால் பேரேட்டை எடுத்து விரித்துக் காட்டலாம்; எழுத்தறிந்த எவரும் அதனைப் படிக்கலாம். இன்று அந்த ஏடு கணினிக்குள் சென்றுவிட்டது. வேலை விரைந்து முடிகிறது, கூட்டல் பிழை குறைந்திருக்கிறது, இவை நன்மைகளே. ஆயினும், கணினிக்குள் இருக்கும் ஏட்டைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை நமது சங்கங்களில் பெரும்பாலானவை கேட்டதில்லை. அதனைக் கேட்பதும், அதற்குக் கட்டற்ற மென்பொருள் எவ்வாறு விடையாகும் என்று காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி வெறும் கற்பனையன்று. நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், நூல் வழங்கல், கூலி, கூலியில் பிடித்த சேமிப்பு ஆகிய மூன்றுக்கும் ஒரு மென்பொருளை விலைக்கு வாங்கி வைத்திருந்தனர். ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணமும் செலுத்தி வந்தனர். அதனைச் செய்து கொடுத்த நிறுவனம் ஒருநாள் தொழிலை மூடிவிட்டது. சில மாதங்களில் சங்கத்தின் கணினி பழுதாயிற்று. கோப்புகளின் படி ஒன்று பத்திரமாகவே இருந்தது. அதனைப் படிக்கவல்ல மென்பொருள் மட்டும் வேறு கணினியில் ஏற மறுத்தது. நிறுவனத்தார் தரும் எண்ணை இட்டாலன்றி அது இயங்காது. எண்ணைத் தருவதற்கோ ஆளில்லை. முடிவில் உறுப்பினர்களின் பாஸ் புத்தகங்களைத் திரட்டி, ஒவ்வொரு கணக்காக மறுபடியும் எழுதினார்கள். பாஸ் புத்தகத்தைத் தொலைத்தவர்களின் சேமிப்பு எவ்வளவு என்பதில் நெடுநாள் வழக்கு நின்றது. அத்தகையோரில் கணவரை இழந்த முதிய பெண்மணியரும் இருந்தனர். எவரும் திருடவில்லை, எவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. ஏடு சங்கத்தினுடையது, சாவி பிறருடையது என்ற ஒரே காரணத்தால் நேர்ந்த துன்பம் இது.

வரைதாளும் அட்டையும்

மென்பொருள் என்பது யாது? நெசவாளர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஏனெனில் கணினிக்கு மூத்த உறவினன் தறியே. 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளை உயர்த்தும் பொறியை அமைத்தார். துளை உள்ள இடத்தில் இழை உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இவ்வட்டைகளையே மேற்கொள்ள எண்ணினார். 1890-இல் அமெரிக்க மக்கட்தொகைக் கணக்கும் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணப்பட்டது. ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில் அமர்ந்து சேலை நெய்பவர், அறிந்தோ அறியாமலோ, ஒரு நிரலை இயக்குகிறார்.

சேலைக் கரையில் ஓடும் மயிலும் கொடியும் முதலில் கட்டமிட்ட வரைதாளில் தீட்டப்படுகின்றன. அதைப் பார்த்து அட்டை அடிக்கிறார்கள். அட்டைகளைக் கோத்துப் பெட்டியில் மாட்டினால் தறி அந்த மயிலை நெய்யும். வரைதாள் கையிலிருந்தால் மயிலின் கழுத்தைச் சற்று வளைக்கலாம்; கொடியில் ஓர் இலையைக் கூட்டலாம்; தேய்ந்த அட்டையை மீண்டும் அடிக்கலாம். அட்டைக்கட்டு மட்டும் கையிலிருந்தால், உள்ளதை உள்ளவாறே நெய்யலாம். மாற்றம் வேண்டுமாயின் அட்டை கொடுத்தவரிடமே மீண்டும் செல்ல வேண்டும். மென்பொருளிலும் இவ்விரண்டும் உண்டு. மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வரைதாளுக்கு மூல நிரல் என்று பெயர். கணினி மட்டும் அறியும் அட்டைக்கட்டே நாம் கடையில் வாங்கும் மென்பொருள். விற்பவர் அட்டைக்கட்டைத் தருகிறார். வரைதாளைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அட்டையைப் பிறர்க்குக் கொடுக்கவும் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையொப்பமும் பெற்றுக்கொள்கிறார்.

உழவர்க்கு மற்றோர் உவமை போதும். அறுவடையில் ஒரு பங்கை அடுத்த பருவத்துக்கு விதையாக எடுத்து வைப்பதும், அண்டை வீட்டார்க்கு ஒரு மரக்கால் கொடுப்பதும் உழவரின் தொன்றுதொட்ட வழக்கம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் உழவர்க்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டுள்ளது. ஒவ்வொரு பருவத்துக்கும் கடையில் புதிதாக வாங்க வேண்டிய கலப்பின விதை விளைச்சலில் சிறந்திருக்கலாம். ஆயினும் அதனை நம்பியவர் கடைக்காரரை நம்பி வாழ்பவராகிறார். கட்டற்ற மென்பொருள் சேமித்து வைத்து விதைக்கத்தகும் விதையை ஒத்தது.

இயக்கம் பிறந்த வரலாறு

1980-ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகமொன்றில் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கியது. பழைய பொறியில் தாள் சிக்கினால் உரியவர்க்கு அறிவிக்குமாறு ஆய்வகத்தார் தாமே நிரலைத் திருத்தியிருந்தனர். புதிய பொறிக்கோ மூல நிரல் கிடைக்கவில்லை. ஒப்பந்தக் கட்டுப்பாட்டைக் காட்டி மறுத்துவிட்டனர். ஆய்வகத்திலிருந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் இதனைச் சிறு இடையூறாகக் கருதாமல் அறம் பற்றிய கேள்வியாகக் கொண்டார். 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு நான்கு உரிமைகள் வேண்டுமென்பது இவ்வியக்கத்தின் கொள்கை. எந்தப் பணிக்கும் அதனை இயக்கலாம். அது எவ்வாறு இயங்குகிறது என்று படித்து வேண்டியவாறு திருத்தலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். திருத்திய வடிவத்தையும் பிறர்க்கு வழங்கலாம்.

இவ்வுரிமைகளைச் சட்டப்படி காப்பதற்காக 1989-இல் குனு பொதுமக்கள் உரிமம் வெளியிடப்பட்டது. பெற்றவர் திருத்திப் பிறர்க்கு வழங்கும்போது, தாம் பெற்ற அதே உரிமைகளை அவர்களுக்கும் வழங்கியாக வேண்டுமென்பது அதன் உயிர்நிலை. பொதுச் சொத்தை எவரும் வேலியிட்டுத் தமதாக்கிக்கொள்ளாதபடி செய்த ஏற்பாடு இது. 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். பின்னர் அதனையும் இவ்வுரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். குனு திட்டத்தின் கருவிகளும் லினக்சும் இணைந்து முழு இயங்குதளமாயின. 1998-இல் திறந்த மூல மென்பொருள் என்ற பெயரும் வழக்குக்கு வந்தது. இரு பெயர்களுக்கும் கருத்தில் வேறுபாடு உண்டெனினும், நமது சங்கத்தின் கிடங்கிற்கு வரும் பண்டம் பெரும்பாலும் ஒன்றே.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஆங்கிலத்தில் விடுதலைக்கும் விலையின்மைக்கும் ஒரே சொல் வழங்குவதால் குழப்பம் உண்டாயிற்று. தமிழில் அத்தொல்லை இல்லை. கட்டற்றது வேறு, இலவசம் வேறு. கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்கலாம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் கைவிலங்காகவும் இருக்கலாம். நமது நிர்வாகக் குழுவினரிற் பலர், விலை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இதனை விரும்புகின்றனர். வேறு சிலர், விலை இல்லாததால் தரமும் இராது என்று ஒதுக்குகின்றனர். இரு சாராரும் விலையையே பார்க்கின்றனர். பார்க்க வேண்டியது உரிமை.

கூட்டுறவுக்கு இது புறம்பானதன்று

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தனர். நெசவாளர் பலர் அவர்களுள் இருந்தனர். கலப்படமில்லாத மாவும் சரியான நிறையும் பிறர் தயவின்றித் தமக்குக் கிடைக்க வேண்டுமென்பதே அவர்கள் கொண்ட உறுதி. சர்வதேசக் கூட்டுறவு இணையம் 1995-இல் வெளியிட்ட ஏழு கொள்கைகளுள் நான்காவது தன்னாட்சியும் சுதந்திரமும் பற்றியது. பிற அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும்போதும், உறுப்பினரின் ஜனநாயகக் கட்டுப்பாடு குன்றாதபடி செய்துகொள்ள வேண்டுமென்று அது கூறுகிறது. வங்கிக் கடனுக்கு இக்கொள்கையை நாம் பொருத்திப் பார்க்கிறோம். மென்பொருள் ஒப்பந்தத்துக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

நமது சங்கம் போன்ற ஒரு சிறு நிறுவனம் இதில் என்ன செய்துவிட முடியும் என்று சிலர் கேட்கலாம். நியூசிலாந்து நாட்டின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையின் வரலாறு அதற்கு விடை. 1999-இல் அவர்களது பழைய நூலக மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்தது. புதியதை வாங்கினாலும் அதே அடிமைத்தனம் தொடரும் என்று உணர்ந்த அவர்கள், தம் நாட்டு நிரலர் நிறுவனமொன்றுக்குக் கூலி கொடுத்துப் புதிதாக எழுதச் செய்தனர். அது 2000 ஜனவரி 3 அன்று இயங்கத் தொடங்கியது. பணம் கொடுத்துச் செய்வித்த அந்த மென்பொருளைத் தமக்கென்று பூட்டி வைக்காமல், குனு பொதுமக்கள் உரிமத்தின் கீழ் உலகுக்கு வழங்கினர். மவோரி மொழியில் கொடை என்னும் பொருள்பட அதற்குக் கோஹா என்று பெயர் வைத்தனர். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான நூலகங்கள் அதனை வழங்குகின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்களிலும் அது உண்டு. அந்நூலகங்கள் செய்யும் திருத்தங்கள் ஹோரோவெனுவாவுக்கும் பயன் தருகின்றன. நிரலர்க்கு அன்று கூலி கிடைத்தது. பொதுமக்களுக்கு மென்பொருள் கிடைத்தது.

இதனை நமது நெசவாளர் சங்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூல் வழங்கும் ஏடும், கூலி ஏடும், துணி இருப்பு ஏடும் எல்லாச் சங்கங்களிலும் ஏறக்குறைய ஒரே வடிவம். இருப்பினும் ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே ஒருவரிடம் விலை பேசி, ஒரே வேலைக்குத் தனித்தனியே பணம் செலுத்துகிறது. பத்துச் சங்கங்கள் கூடி ஒருமுறை செய்வித்தால் போதுமானதற்குப் பத்துமுறை பணம் செல்கிறது. இதற்குக் கூட்டுறவு என்று எவ்வாறு பெயர் சொல்வது?

தமிழெழுத்தில் நாம் கற்ற பாடம்

பூட்டிய வடிவத்தின் தீமையைத் தமிழர் ஏற்கனவே ஒருமுறை அனுபவித்திருக்கின்றனர். கணினியில் தமிழ் நுழைந்த காலத்தில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஒரு குறியீட்டை வகுத்துக்கொண்டனர். ஓர் எழுத்துருவில் தட்டிய தீர்மானத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு ஓரளவு ஒழுங்கை வகுத்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. ஆயினும் அதற்கு முன் தட்டிய நிர்வாகக் குழு நடவடிக்கைக் குறிப்புகள் இன்றும் சில சங்கங்களின் கணினிகளில் படிக்க இயலாத நிலையில் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளைத் தமிழார்வலர்கள் செய்து பொதுவில் வைத்திருப்பதால், மீட்க வழியிருக்கிறது.

ஆதலின் முதலில் பார்க்க வேண்டியது கோப்பின் வடிவத்தை. அலுவலகக் கோப்புகளுக்கென்று திறந்த ஆவண வடிவம் ஒன்று 2006-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் இலக்கணம் வெளியிடப்பட்டிருக்கிறது. எவரும் அதனைப் படிக்கும் மென்பொருளை எழுதிக்கொள்ளலாம். இன்று நாம் எழுதும் பேரேட்டை முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் செயலாளர் திறக்க வேண்டுமாயின், வடிவம் எல்லார்க்கும் தெரிந்ததாக இருத்தல் வேண்டும்.

தேடுவது எவ்வாறு?

கடிதம் எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரெஓபிஸ் என்னும் தொகுப்பு போதும். ஜெர்மனியில் தோன்றி, 2000-இல் மூல நிரல் வெளியிடப்பட்ட ஓபன்ஓபிஸின் கிளையாக 2010-இல் பிறந்தது இது. திறந்த ஆவண வடிவமே இதன் இயல்பான வடிவம். இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது. சிறு அமைப்பின் வரவு செலவுக்கு குனுகேஷ் உண்டு. பெரிய சங்கத்தின் கொள்முதல், இருப்பு, விற்பனை ஆகிய யாவற்றுக்கும் மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் உண்டு. சேலைக் கோலங்களைத் தீட்ட கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியன பயன்படும். ஜக்கார்டு, டாபி நெசவுக்கென்றே டிஜிபுனாய் என்னும் மென்பொருளை மத்திய அரசு சார்ந்த டிஜிட்டல் இந்தியா கழகம் திறந்த மூல மென்பொருள் என்ற அறிவிப்போடு வெளியிட்டிருக்கிறது. நிலப்படம் வரைய கியூஜிஸ், பண்ணைக் குறிப்பேடு எழுத பார்ம்ஓ.எஸ். ஆகியவை உழவர் சங்கங்களுக்கு ஏற்றவை. கணினியையே இயக்குதற்கு டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் வகைகளும், சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கெனத் தொகுத்த பாஸ் லினக்சும் உள்ளன.

லினக்ஸ் வகைகளில் மென்பொருள் கிடங்கு என்றொரு ஏற்பாடு உண்டு. சோதித்துச் சேர்த்த ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் அங்கே இருக்கும். கூட்டுறவுப் பண்டகசாலையில் சரக்கு எடுப்பதுபோல அங்கிருந்து எடுத்துக்கொள்வது, கண்ட இடத்தில் இறக்குவதைவிடப் பாதுகாப்பானது. திருட்டுப் படிகளைப் பற்றியும் ஒரு சொல். விலைமென்பொருளின் பூட்டை உடைத்த படிகள் பல அலுவலகங்களில் வழங்குவதை நாம் அறிவோம். அது சட்டத்துக்குப் புறம்பு. நச்சுநிரல் நுழையும் வாயிலும் அதுவே. கட்டற்ற மென்பொருளைப் படியெடுப்பவர் எவர்க்கும் அஞ்ச வேண்டியதில்லை.

எந்த மென்பொருளையும் ஏற்குமுன் ஐந்து கேள்விகளை நிர்வாகக் குழு கேட்டல் நன்று. முதலாவது, உரிமம் யாது? திறந்த மூலம் என்ற பெயர் மட்டும் போதாது. உரிமத்தின் பெயரையும் மூல நிரல் கிடைக்குமிடத்தையும் கேட்டறிய வேண்டும். இரண்டாவது, கடைசியாகத் திருத்தி வெளியிட்டது எப்போது, அதனைப் பேணுவோர் எத்தனை பேர்? ஒருவரே பேணும் மென்பொருள் அவர் ஓய்ந்தால் தானும் ஓயும். மூன்றாவது, நமது பழைய கணக்கை உள்ளே ஏற்றவும், வேண்டும்போது முழுமையாக வெளியே எடுக்கவும் இயலுமா? நான்காவது, தமிழில் தட்டவும், அகர வரிசைப்படுத்தவும், அச்சிடவும் ஒழுங்காக வருகிறதா? ஐந்தாவது, இடர் நேர்ந்தால் உதவ வல்லவர் அருகில் உண்டா, அவர் பெறும் கூலி என்ன? இவற்றுள் மூன்றாவதற்கு இல்லை என்று விடை வந்தால், மற்றவை எவ்வளவு சிறப்பினும் அதனை ஏற்கலாகாது என்பது நமது கருத்து.

உதவ வல்லவர் நம்மிடையே இல்லாமலில்லை. 2012 முதல் வெளிவரும் கணியம் இதழ் இத்துறைச் செய்திகளைத் தமிழிலேயே எழுதி வருகிறது. சென்னை, விழுப்புரம் முதலிய ஊர்களில் கட்டற்ற மென்பொருள் பயனர் குழுக்கள் இயங்குகின்றன. பொறியியற் கல்லூரி மாணவர்கள் பலர் அவற்றில் தன்னார்வலர்களாக உள்ளனர்.

ஏற்பது எவ்வாறு?

தேடுவதினும் ஏற்பது கடினம். பிரான்சு நாட்டுக் கிராமக் காவற்படை 2005-இல் அலுவலகத் தொகுப்பை மட்டும் மாற்றியது. அடுத்து இணைய உலாவியையும் மின்னஞ்சலையும் மாற்றியது. பணியாளர் அவற்றில் பழகிய பின்னரே கணினிகளை லினக்சுக்குக் கொண்டுசென்றது. மேலே உள்ள கருவிகள் பழகியவையாதலின் அடியிலிருந்த மாற்றம் பெரிதாகத் தோன்றவில்லை. அந்த ஏற்பாடு இன்றும் நிலைத்திருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013-இல் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்சுக்கு மாற்றி முடித்தது. ஆயினும் 2017-இல் நகர மன்றம் மீண்டும் பழைய விலைமென்பொருளுக்கே திரும்ப வாக்களித்தது. பிற அலுவலகங்களோடு கோப்புப் பரிமாறுவதில் இடர்ப்பாடு, பணியாளரின் குறை, தலைமையின் மாற்றம் எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. அவற்றின் மெய்ம்மை பற்றி வாதம் ஓயவில்லை. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரெஓபிஸுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பயன்படுத்துவோரின் மனம் இசையாவிடில் நல்ல முடிவும் நிலைக்காது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

அருகிலுள்ள கேரளம் மற்றொன்றைக் கற்பிக்கிறது. 2001-இல் அங்குத் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் நாளடைவில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அது கைட் என்னும் நிறுவனமாயிற்று. வெளியாரை நம்பாமல், ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, பாடத்துக்கேற்ற இயங்குதளத்தைத் தாமே தொகுத்துக்கொண்டதே அதன் வெற்றிக்குக் காரணம்.

எனவே ஒரு சங்கம் மாற விரும்பினால், முதலில் ஓர் ஏட்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு காலாண்டுக்குப் பழையதும் புதியதும் இணையாக நடக்கட்டும்; இரண்டும் ஒத்து வந்த பின்னரே பழையதை நிறுத்தட்டும். ஒருவர்க்கு மட்டும் பயிற்சி தந்தால் அவரே புதிய பூட்டாகிவிடுவார். இருவர்க்கேனும் தர வேண்டும். செய்முறையைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். கோப்புகளின் படிகள் இரண்டு, இரண்டு வெவ்வேறிடங்களில் இருத்தல் வேண்டும். மாதமொருமுறை அவற்றைத் திறந்து பார்த்து, படிக்க முடிகிறதா என்று சரிபார்த்தல் வேண்டும். உறுப்பினர்க்குப் பாஸ் புத்தகம் தரும் வழக்கத்தை எக்காரணத்தாலும் கைவிடலாகாது.

எழக்கூடிய தடைகள்

துறை வகுத்துத் தரும் மென்பொருளை விட்டுவிட்டு வேறொன்றை எவ்வாறு ஏற்பது என்று கேட்பர். நியாயமான கேள்வி. 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நாடு முழுதும் பொதுவான மென்பொருள் அதன் பகுதி. அத்தகைய சங்கங்கள் விதிக்கப்பட்டதையே பயன்படுத்த வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் தன் கணக்கின் முழுப்படியைத் திறந்த வடிவில் கேட்டுப் பெறுதல் சங்கத்தின் நியாயமான வேண்டுகோளே. கடிதப் போக்குவரத்து, கூட்டக் குறிப்பு, கோல வரைவு முதலிய பிற பணிகளில் சங்கத்தின் விருப்பத்துக்கு இடமுண்டு. மத்திய அரசே தன் மின்னாளுகைப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை 2015-இல் வெளியிட்டுள்ளது என்பதும் நினைவிற்குரியது.

மூல நிரலை எவரும் பார்க்கலாமென்றால் திருடர்க்கு வழி காட்டியதாகாதா என்றும் கேட்பர். பலர் பார்ப்பதால் பிழை வெளிப்பட வாய்ப்பு மிகுதி. ஆனால் பார்ப்பார் இல்லையேல் அந்நன்மையும் இல்லை. இணையப் பாதுகாப்புக்கு உலகெங்கும் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் கட்டற்ற மென்பொருளில் 2014 ஏப்ரலில் பெரும் பிழையொன்று வெளிப்பட்டது. பெரிய நிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அதனை மிகச் சிலரே பேணி வந்தனர் என்பதும், அவர்கட்கு ஆண்டில் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர் அளவே என்பதும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. பொதுக்குளத்தில் எல்லாரும் நீர் மொண்டால் தூர்வாரவும் எல்லாரும் வர வேண்டும். விலைமென்பொருளுக்குச் செலவிட்டதில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும், பேணுவோர்க்குக் கூலிக்கும், திருத்தத்துக்கும் ஒதுக்காத சங்கம், கட்டற்ற மென்பொருளை ஏற்றும் பயன் பெறாது. நம்மால் பணம் தர இயலாவிடினும், கண்ட பிழையை எழுதி அறிவிக்கலாம். தமிழாக்கத்தில் ஒரு கை கொடுக்கலாம்.

பழைய கணினிகளைப் பற்றிய கவலையும் சங்கங்களில் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத கணினிகள் பல நல்ல நிலையிலேயே இருக்கின்றன. எளிய லினக்ஸ் வகையொன்றை ஏற்றினால் அவை இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். புதிய கணினி வாங்கத் தீர்மானிக்குமுன் ஒன்றை எடுத்துச் சோதித்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

செய்யத்தக்கன

முடிவாக மூன்று யோசனைகளைச் சங்கங்களின் முன் வைக்கிறோம். முதலாவது, எந்த மென்பொருள் ஒப்பந்தத்திலும், சங்கம் கேட்டபோதெல்லாம் அதன் கணக்கு முழுவதையும் திறந்த வடிவில் தர வேண்டும் என்ற விதி இடம்பெறட்டும். இதற்கு விற்பவர் இசையாவிடில் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டாம். இரண்டாவது, மாவட்டக் கூட்டுறவு ஒன்றியங்கள் செயலாளர்க்கும் எழுத்தர்க்கும் நடத்தும் பயிற்சியில் லிப்ரெஓபிஸும் ஒருங்குறித் தமிழ்த் தட்டச்சும் பாடமாகட்டும். நமது சங்கங்கள் இலாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பணம் செலுத்துவது இத்தகைய பயிற்சிக்கே அன்றோ? மூன்றாவது, ஒரு சரகத்தின் நெசவாளர் சங்கங்கள் ஒன்றுகூடி, நூல், கூலி, சேமிப்பு ஆகிய மூன்றேடுகளுக்கும் ஒரே மென்பொருளை உள்ளூர் நிரலரைக் கொண்டு செய்வித்து, குனு பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடட்டும். பின்வரும் சங்கங்கள் அதனை எடுத்துத் திருத்தி, திருத்தத்தைத் திருப்பித் தரட்டும்.

முதல் யோசனைக்குச் செலவு ஏதுமில்லை. அடுத்து வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றலாம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பேரவையின் ஒப்புதலும், அண்டைச் சங்கங்களின் இசைவும் வேண்டும். ஏற்கனவே ஏதேனும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தி வரும் சங்கங்கள், தாம் கண்ட நன்மையையும் இடரையும் இவ்விதழுக்கு எழுதியனுப்பினால், மற்றச் சங்கங்கள் அவற்றைக் கொண்டு தம் முடிவை வகுத்துக்கொள்ள ஏதுவாகும்.